அத்தை தர வந்த சிறுநீரகம்

என் சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தபோது கணவர் துபாயில் இருந்தார். அறந்தாங்கியிலிருந்து திருச்சி மருத்துவமனைக்கு மாமியார்தான் துணைக்கு வந்தார். எதிலும் குறை சொல்பவர், அன்று பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேல் கோபம் என்றே நினைத்தேன்.

அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அத்தை எழுந்து நின்றார்.

“எங்க வீட்டுக்காரருக்கும் இதே நோவுதாங்க. வயித்தக் கிழிச்சு ஒரு கிட்னியவே எடுத்தாங்க. இவளுக்கும் எடுத்தா, என்னோடத வச்சிருங்க டாக்டர். வாழ வேண்டிய புள்ள.”

டாக்டர் சிரித்தார். “முன்னாடி கிட்னிய முழுசா எடுத்தோம்தாம்மா. இவங்களுக்குக் கட்டி சின்னது. சின்னத் துளை போட்டு அதை மட்டும் எடுத்துட்டு, மிச்சக் கிட்னிய அப்படியே விட்டுருவோம்.”

“அப்ப என்னோடது வேணாமா?”

அத்தையின் குரலில் லேசான ஏமாற்றம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சிகிச்சை முடிந்ததும் என் வயிற்றிலிருந்த சிறு கட்டுகளைப் பார்த்து, “இம்புட்டுத்தானா!” என்று என் தலையைத் தடவினார்.

இப்போது நலமாக இருக்கிறேன். அத்தை இன்றும் என் குழம்பில் குறை சொல்கிறார். எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் தர வந்தது எனக்குத் தேவைப்படவில்லைதான். ஆனாலும் அதை வாங்கிக்கொண்டவளாகவே வாழ்கிறேன்.