விலைபோன முகவரிகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன் பிறகு எழுதியதெல்லாம் பலசரக்குச் சிட்டைதான். முன்னது பின்னதாக வந்தாலும், சில இடம் மறந்துபோயிருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் ரப்பர் கம்பெனி ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் நாற்காலியை விட்டு எழும்ப மாட்டார். எங்கள் மகன் கப்பல் வேலைக்குப் போனபோது, நடுக்கடலில் போன் கிடைக்காது, மெயில்தான் போகும் என்றான். இவர் ஜங்ஷனில் உள்ள நெட் கடைக்குப் போய் ஒரு மெயில் முகவரி உண்டாக்கிக்கொண்டு வந்தார். உண்டாக்கிக் கொடுத்தது எங்கள் தெருப் பெண். நர்சிங் படித்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்த காலத்தில் அந்தக் கடையில் கம்ப்யூட்டர் பார்த்தாள். எங்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

கொஞ்ச நாளில் மகனுடைய மெயிலோடு வேறு மெயில்களும் வரத் தொடங்கின. கடன் தருகிறோம், முடி வளர எண்ணெய் தருகிறோம் என்று. வேறு யாராக இருந்தாலும் அழித்துவிடுவார்கள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் ஒற்றை விரலால் எல்லாவற்றுக்கும் பதில் அடித்தார். 'தங்கள் மெயில் கிடைத்தது. தற்சமயம் கடன் தேவைப்படவில்லை. நன்றி.' எண்ணெய்க்காரனுக்கு, 'வளர்ப்பதற்கு இங்கே ஒன்றும் மிச்சமில்லை' என்று எழுதினார்.

ஒருநாள் வெளிநாட்டு விதவை ஒருத்தி, புருஷன் விட்டுப்போன சொத்தை இவருக்குத் தர விரும்புவதாக எழுதியிருந்தாள். இவர் இரங்கல் எழுத உட்கார்ந்தார்.

"அந்த அம்மைக்கு மட்டும் நீளமா எழுதுதிய?" என்றேன்.

"மாப்பிள செத்த பொம்பள. ஒரு வார்த்த ஆறுதல் சொல்லாண்டாமா?"

"நான் காய்ச்சல்ல கெடந்தப்ப இவ்வளவு ஆறுதல் வரல்லியே."

"நீ மெயில் போடல்லியே ஏட்டி" என்றார்.

பதில் போடப் போட மெயில் பெருகியது. பதில் போட்டால் அந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். எங்களுக்கு அப்போது அது தெரியாது. மகன் லீவில் வரும் ரயில் விவரத்தை மெயிலில் அனுப்பியிருந்தான். அது அந்தக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. இரணியல் ஸ்டேஷனில் பெட்டிகளோடு இறங்கி, அப்பாவைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறான். போனில் சார்ஜும் இல்லை. ஆட்டோ பிடித்து வந்தவன், "அதுக்கென்னம்மா" என்று சிரித்தான். இவர் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், தின்னவில்லை.

மகன் நாலு வீட்டில் விசாரித்தான். அந்தக் கடையில் முகவரி உண்டாக்கிய எல்லாருக்கும் இதே தொல்லை. யாரோ மொத்தமாக எடுத்து விற்றிருக்கிறார்கள் என்றான்.

பத்மநாபபுரம் கோர்ட்டில் எங்களுக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவர் உண்டு. தக்கலையில் எனக்குக் கண் காட்டப் போன அன்று அவரையும் பார்த்தோம். நான் ஓரமாக இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"திருடுனா பொருள் போயிருக்கணும்லா? எனக்க முகவரி எனக்கிட்டதானே இருக்கு?" என்றார் இவர்.

"அதுக்குத்தான் சார் கம்ப்யூட்டருக்குன்னு தனிச் சட்டம். கடக்காரருக்குத் தெரியாம அவருக்க கம்ப்யூட்டர்லேருந்து நகல் எடுத்தாலே குத்தமாக்கும்."

"வெலைக்கு வாங்குனவன்?"

"அவனையும் கேக்கலாம். எங்க இருக்கான்னு பிடிக்கதுதான் பாடு."

"இந்தக் குப்பைய அனுப்புதவன்?"

"சும்மா அனுப்புததுக்குன்னு நம்ம நாட்டுல தனியா சட்டம் இல்ல. ஏமாத்துனா வேற விஷயம்."

"அப்ப கேஸ்ல ஆப்பிடது யாரு?"

"நகல் எடுத்த ஆளுதான் சார். கைக்கெட்டுன தூரத்துல இருக்கது அவங்கதானே."

வீட்டுக்கு வந்ததும் இவர் புகார் எழுதினார். பழைய ஆபீஸ் எழுத்து, ஒரு அடித்தல் கிடையாது. விஷயம் தெருவில் பரவி, மறுநாள் காலையில் அந்த நெட் கடைப் பெண் பின்வாசல் வழியாக அடுக்களைக்கு வந்தாள்.

"அத்த, மாமா போலீசுக்கு எழுதுதாவளா?"

"ஆமா மக்கா."

"நானாக்கும் குடுத்தேன்."

கடைக்கு வந்த ஒரு ஆள் விளம்பரத்துக்கு என்று கேட்டானாம். அவன் தந்த பணத்தை வெளிநாட்டு வேலைப் பரீட்சைக்குக் கட்டியிருக்கிறாள். "பாஸ்வேர்டு குடுக்கல்ல அத்த. முகவரி வீட்டு நம்பர் மாதிரி, எல்லாரும் பாக்கதுதானேன்னு நெனச்சேன்." வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. போலீஸ் சர்டிபிகேட் மட்டும்தான் பாக்கி. கேஸ் என்று ஒன்று விழுந்தால் அது வராது.

முன்னறையிலிருந்து இவர் குரல் வந்தது. "மாமான்னு நெனச்சியா, வீட்டு நம்பர்னு நெனச்சியா?"

அவள் அழுதாள். இவர் எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "மொதல்ல கடக்காரன்கிட்ட சொல்லு. பொறவு ஒவ்வொரு வீடா போயி சொல்லு. எவனாவது ஒருத்தன் கேஸ் குடுப்பேம்னு சொன்னா, நானும் குடுப்பேன். யாருக்கும் வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்."

அவளைத் தனியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கல்யாண வீட்டில்கூட நான் பின்வரிசையில் இருக்கிறவள். ஆனாலும் கூடப் போனேன். எந்த வீட்டிலும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

கடைக்காரர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். கேஸ் கொடுத்தால் கடைப்பேர் கெடும் என்று மற்றதை விட்டுவிட்டார். டீக்கடைக்காரர், "எனக்கு மெயிலு இருக்கா பிள்ள?" என்று கேட்டார். வேறு சில வீட்டில் ஏசினார்கள், பிறகு காப்பி தந்தார்கள். எல்லாருக்கும் அவளே புது முகவரி உண்டாக்கிக் கொடுத்தாள்.

கடைசியில் ரிட்டையர் ஆன டீச்சர் வீடு. கடன் மெயில் ஒன்றைத் தொட்டுவிட்டு, கண்டவன் எல்லாம் போனில் மிரட்ட, பயந்து கிடந்தவர். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் யோசிக்கணும்" என்றார். புது முகவரியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நாங்கள் காத்திருந்த நாட்கள் லேசானவை அல்ல. அந்தப் பெண் தெருவில் தலை காட்டவில்லை. இவர் தினமும் காலையில், "டீச்சர் ஏதும் சொன்னாளா?" என்று என்னிடம் கேட்பார். தான் சொன்ன வாக்கே தன் கழுத்தில் கிடந்ததால் அவளைவிட இவருக்குத்தான் மனசுக்குள் வெப்ராளம் என்று எனக்குப் பட்டது. இன்னும் இல்லை என்று நான் காப்பியை நீட்டுவேன்.

ஒருநாள் டீச்சரே வாசலில் வந்து நின்றார், கையில் போனோடு. "இந்தப் புது மெயில்ல படம் அனுப்பத் தெரியல்ல. அந்தப் பிள்ளைய ஒண்ணு வரச் சொல்லுங்க" என்றார். கேஸ் பேச்சையே எடுக்கவில்லை. இவர் உள்ளே போய்ப் புகாரை நாலாகக் கிழித்தார். அவளைக் கூப்பிட நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

சர்டிபிகேட் வந்தது. அவள் போய்விட்டாள்.

வக்கீலம்மா சட்டத்தின் பிரிவு நம்பர்களும் சொன்னார். எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. இப்படித் தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருந்த எங்களையும் சட்டம் கேட்குமா என்று பிறகு அவரிடம் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. சட்டம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்து, நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்தித் தர வேண்டும்.