நான் பூசிய திருநீறு

போன கிழமை பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பஸ் வருவதாகக் காணோம். குடையை விரிப்பதா, கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, யாரோ என் கையில் ஒரு வடையை வைத்தார்கள்.

ஆளைப் பார்ப்பதற்கு முன் வடையைப் பார்த்தேன். தொழில் பழக்கம்! மிளகு போட்ட உழுந்து வடை. நடுவில் துளை. துளையின் ஓரத்தில் நூல் அறுத்த தடம். அப்படியானால் மாலையாகக் கோத்த வடை. எங்கள் ஊரில் வடைமாலை யாருக்குப் போடுவார்கள்? வைரவருக்கு.

அதற்குப் பிறகு ஆளை நிமிர்ந்து பார்க்கத் தயங்கினேன்.

"ஐயா, என்னை மறந்துபோனியளோ? நான் தவமணி. கல்லுக்காணித் தவமணி."

மறப்பேனா? தர்மபுரத்துக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, சுழிபுரத்திலிருந்து வந்து காடு வெட்டி நெல் விதைத்த குடும்பம். நான் கடைசியாகப் பார்த்தபோது தலைமயிர் கறுப்பாக இருந்தது. இப்போது முழுக்க நரைத்துவிட்டது. கணவர் சின்னராசா இடுப்பு விழுந்து படுக்கையில் என்றார். சொல்லிவிட்டு, சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, நீங்கள் படிச்ச ஆள். ஒண்டு கேக்கிறன். வைரவர் இன்னும் எவ்வளவு தூரம் வருவார்?"

"எங்க வாறது, தங்கச்சி?"

"எங்கட காணிக்குள்ளதான்! முதல் கல்லடியில நிண்டவர். பிறகு கோயில் வீதி எண்டு சொல்லி வாய்க்கால் மட்டும் வந்தவர். இப்ப மண்டபம் எண்டு சொல்லிப் பள்ள வயல் முழுக்க வரப்போறாராம். வாற வெள்ளிக்கிழமை கயிறு பிடிச்சு அளக்கப்போகினம். அதுவும் போனா எனக்கு மேட்டுத்துண்டுதான் மிச்சம். அங்க தண்ணி ஏறாது. இந்த மனிசனைப் படுக்கையில வச்சுக்கொண்டு நான் எதில விதைக்கிறது?"

"காணி எழுத்து சின்னராசாவின்ர பேரிலதானே?"

"ஓம். அதுக்காக வைரவரோட கோட்டுக்குப் போகேலுமே?"

அவருடைய பஸ் வந்துவிட்டது. ஒரு காலை மிதிபலகையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமை வாங்கோ ஐயா. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் கேப்பினம். வைரவரை முதல் கண்டது நீங்கள்தானே!"

பஸ் புறப்பட்டது. வடை என் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. தின்ன முடியவில்லை. எறியவும் முடியவில்லை.

வைரவரை முதலில் கண்டவனாம்! இத்தனை வருடம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனையோ கதைத்திருக்கிறேன். இதை மட்டும் கதைக்கவில்லை. நான் வைரவரைக் காணவில்லை… செய்தேன்.

தொல்பொருள் வேலை பார்த்தவன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பொன் ஏதும் அம்பிட்டதோ?" எனக்கு அம்பிட்டது உடைந்த சட்டியும் இரும்புக் கசடும் கல்மணியும்தான். ஆனால் ஒருமுறை காட்டுக்குள் இடிந்துகிடந்த சுவர் ஒன்றிலிருந்து ஒரு செங்கல் கிடைத்தது. அதன் முதுகில் ஒரு நாயின் காலடி! யாரோ ஈரச் செங்கல்லை வெயிலில் பரப்பியிருக்கிறார். ஒரு நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. அந்த மனிதர் கத்தியிருப்பார். நாயா நின்று கேட்கும்? பிறகு செங்கல் சூளைக்குப் போய்விட்டது. காலடியும் அதோடு வெந்து இறுகிவிட்டது. கட்டடம் போய், கட்டியவன் பெயர் போய், அந்த நாயின் ஓட்டம் மட்டும் முழுசாக மிஞ்சியிருந்தது.

எங்கள் தொழிலின் முதற் பாடம் ஒன்று உண்டு. கிடைத்த பொருளைவிட அது கிடந்த இடமும் கிடந்த விதமும் முக்கியம். நீ அதைத் தொட்டால், அதன் கதைக்குள் நீயும் நுழைந்துவிடுகிறாய். ஆகவே, தொடுவதற்கு முன் யோசி.

நான் யோசிக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. குடியேற்றத் திட்டத்துக்குத் தெரு போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவுக்குக் கல் வேண்டும். காட்டுக்குள் பழைய தூண்கள் சும்மா கிடக்கின்றன. பிறகென்ன? சம்மட்டி! நான் போய்ச் சேரும்போது தெரு வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரரின் ஆட்கள் பாதித் தூண்களைச் சல்லியாக்கி முடித்திருந்தார்கள். தவமணியின் காணி எல்லையில், பாலை மரத்தடியில், ஒரு கல் மட்டும் நின்றது.

இடுப்பளவு உயரம். மேலே சூரியனும் சந்திரனும். கீழே ஒரு நாய், ஒரு காகம். நடுவில் வரிவரியாக எழுத்து. பாசி மூடியிருந்தது. இப்படிப்பட்ட கல்லை ஒரு மனிதன் தன் தொழில் வாழ்க்கையில் எத்தனை தரம் காண்பான்?

படியெடுக்கலாம் என்றால், கொண்டுபோன தாள் முழுக்க மழையில் நனைந்து கூழாகிவிட்டது. படம் பிடிக்கலாம் என்றால், கமெரா மேலதிகாரியிடம். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. கல் உடைப்பவர்களுக்கு மேல் ஓர் ஓவசியர். அவரிடம் கெஞ்சினேன்.

"மேலிடத்து எழுத்து இருக்கே, ஐயா?"

"வரும்."

"வரட்டும். வந்த பிறகு சல்லியை அள்ளிக் காட்டுறன். நாளைக்கு லொறி வருது. எனக்குக் கல்லெண்டாக் கல்லுத்தான்."

சம்மட்டிக்காரர் ஒருவர் கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்தப் பக்கம் பிளக்கும் என்று. அந்த 'டொக்' சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. பக்கத்தில் தவமணி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் புதுத் திருநீறு.

"தங்கச்சி, திருநீற்றுக் குட்டானைக் கொண்டுவாரும். ஒரு விளக்கும் கொண்டுவாரும்" என்றேன்.

கொண்டுவந்தார். கல்லின் உச்சியில் மூன்று குறி இழுத்தேன். நாயைத் தொட்டுக் காட்டினேன். "இது வைரவற்ற கல்லு. இதோ பாருங்கோ, வாகனம்."

அவ்வளவுதான். நாய் இருந்தால் வைரவர். எங்கள் சனத்துக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? தவமணி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். சம்மட்டி கீழே விழுந்தது. ஓவசியர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "முதலே சொல்லியிருக்கலாமே, ஐயா!" என்றார். பின்னேரம் தவமணி உழுந்து அரைத்து வடை சுட்டு மாலை கட்டினார். நானும் அந்த வடையைத் தின்றேன். வலு ருசி. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனேன்.

சில மாதம் கழித்துத் தாளோடும் தூரிகையோடும் திரும்பி வந்தேன். கல்லுக்கு மேல் கிடுகுக் கொட்டில். தினமும் எண்ணெய்க் காப்பு, பாலபிஷேகம், கற்பூரப் புகை. எழுத்திருந்த இடம் தோசைக்கல்லின் அடிப்பக்கம் போல் ஆகியிருந்தது. பூசை செய்பவர் கதிர்காமர். அதே திட்டத்தில் காணி பெற்றவர், குரல் பெரிது. நான் படியெடுக்கும் முறையை விளக்கினேன். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து…

"ஆரை அடிக்கப்போறியள்? மூலவரையோ?"

நான் தூரிகையைப் பைக்குள் வைத்துவிட்டேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். ஒரு தொல்பொருளில் தானே திருநீறு பூசியவனை எந்த மேலதிகாரி வைத்திருப்பார்? 'சனங்கள் வழிபடும் கல்' என்று மேலிடத்துக்குச் சொன்னேன். அது பொய்யும் இல்லை, பாருங்கள்! வீதி போடுவதற்கென்று வாய்க்கால் ஓரத்துண்டைத் தவமணி விட்டுக்கொடுத்ததும் அந்த நாட்களில்தான். சந்தோசமாகக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு இடமாற்றம் வந்தது. போய்விட்டேன்.

இப்போது அவர் கேட்கிறார், வைரவர் இன்னும் எவ்வளவு தூரம் வருவார் என்று.

பரந்தனில் அவரைக் கண்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போகாமல் விட்டால் பள்ள வயல் போய்விடும். போய் உண்மையைச் சொன்னால்? 'வெறும் கல்லுத்தானாம்' என்று நாளைக்கே யாராவது சம்மட்டி தூக்கலாம். அரசாங்கம் வந்து வேலி போட்டால் தவமணியின் காணி மட்டுமா, பக்கத்துக் காணிகளும் போகலாம். அல்லது எல்லாரும் சேர்ந்து எனக்கு இரண்டு போடலாம். சொல்லப்போனால் இந்த மூன்றாவது பயந்தான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருந்தது. சட்டையைப் போடுவேன், கழற்றுவேன். குடையைத் தேடுவேன்… குடை கையில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை போனேன்.

பாலை மரத்தடியில் நல்ல சனம். கயிறு தயாராக இருந்தது. கதிர்காமர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாங்கோ, வாங்கோ! வைரவரைக் கண்ட ஐயா! டேய், அந்த மாலையைக் கொண்டு வா!"

ஒரு கனகாம்பர மாலை என் கழுத்தில் விழுந்தது. இதைவிட மோசமாக ஒரு வாக்குமூலம் தொடங்க முடியுமா?

"இஞ்ச கேளுங்கோ" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "நான் அண்டைக்குச் சொன்னது பொய். இது வைரவர் கல்லில்லை. உடைச்சுப்போடுவாங்கள் எண்ட பயத்தில சொன்னனான்."

கதிர்காமர் சிரித்தார்.

"பயத்திலயோ? அந்தப் பயத்தைத் தந்தது ஆர்? அவர்தான்! உங்கட வாயில வந்து நிண்டு சொன்னவர் அவர்தான்!"

"அரோகரா!" என்றது சனம்.

"ஐயாவுக்கு வெயில் பிடிச்சிட்டுது. ஒரு தேத்தண்ணி குடுங்கோ" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

ஒருவர் மட்டும் அரோகரா சொல்லவில்லை. தவமணி. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஐயா… நான் இத்தனை நாளும் விளக்கு வச்சது ஆருக்கு?"

அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்ததை மட்டுமாவது சொல்வோம் என்று கல்லுக்குப் பக்கத்தில் போனேன்.

"இப்பிடியான கல்லுகள் காணி குடுத்ததுக்குச் சாட்சியா நட்டது. சூரியனும் சந்திரனும் உள்ள மட்டும் அந்தக் கொடை நிலைக்கவேணும் எண்டு மேல வெட்டியிருக்கு. நாயும் காகமும் ஏன் தெரியுமோ? அந்தக் காணியைப் பறிக்கிறவன் நாயாயும் காகமாயும் பிறப்பான் எண்டதுக்கு. இதில எந்தக் காணி, ஆருக்குக் குடுத்தது எண்டு எனக்குத் தெரியாது. நான் வாசிக்கேல்லை. இனி ஆரும் வாசிக்கேலாது, எழுத்து எண்ணெய்க்குள்ள போயிட்டுது. பறிக்கிறவனுக்கு என்ன நடக்கும் எண்ட படம் மட்டும் மிஞ்சியிருக்கு."

இந்தமுறை யாரும் அரோகரா சொல்லவில்லை. கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்திருந்தவர் மெல்ல அதைக் கீழே விட்டார். வடைக்காக வந்து படுத்திருந்த நாயொன்று, நேரம் பார்த்து, கதிர்காமரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

கதிர்காமர் கல்லைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"ராகுகாலம் தொடங்கப்போகுது" என்றார். "இண்டைக்கு அளக்கிறது சரியில்லை. பிறகு பாப்பம்."

கயிறு சுருட்டப்பட்டது. பள்ள வயல் தப்பியது… பிறகு வரைக்கும். அந்தப் 'பிறகு' என்ற சொல் இதை எழுதும்போதும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. பிறகு என்றால் எப்போது? அடுத்த வெள்ளியா? போகத்துக்குப் பிறகா? நான் செத்த பிறகா?

தவமணி தெரு மட்டும் கூட வந்தார். வரப்பில் எனக்கு முன்னால் நடந்தார். வாய்க்கால் கரை வந்ததும் நின்று, வீதியாகிப்போன தன் துண்டைக் கையால் காட்டினார்.

"முந்தி எடுத்தது, ஐயா?"

நான் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"அது திரும்பி வராது, என்ன?"

"வராது, தங்கச்சி."

தலையை ஆட்டினார். "நான் போறன். பொழுதுபட விளக்கு வைக்கவேணும். ஆருக்கெண்டு இனித்தான் யோசிக்கவேணும்."

'போயிட்டு வாறன்' என்று சொல்லவில்லை. வடையும் தரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தத் துண்டைப் பறித்தது யார்? கதிர்காமரா? அவர் நம்பி எடுத்தார். தவமணி நம்பிக் கொடுத்தார். நம்பாமல் நடுவில் நின்றவன் நான் ஒருவன்தான். மிதித்துவிட்டு ஜீப்பில் ஏறி ஓடினேன். தடம் வெந்து இறுகிவிட்டது.

கல்லின் கணக்குச் சரியென்றால் அடுத்த பிறப்பு எனக்கு நாய்ப் பிறப்புத்தான். பிறந்தால், ஈரச் செங்கல்லைக் கண்டால் சுற்றிப் போவேன்.