ஏலகிரியில் நான் நடந்த நடை

என் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். சொன்னால் மூக்கைச் சொறிவார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "ஏலகிரிக்குப் போய்ட்டு வரலாமாம்மா? சின்னப் பசங்கள்லாம் ஏறுற மலைதான்" என்று கேட்ட அன்று மூக்கையும் சொறியவில்லை, கண்ணாடியையும் துடைக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கு முன்னால் என் காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெருங்களத்தூர் சிக்னலில் ஒரு தண்ணீர் லாரி என் ஸ்கூட்டியை உரசிக்கொண்டு போனது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். படுக்கை, வாக்கர், ஊன்றுகோல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தும் லேசான விந்தல் மட்டும் போக மாட்டேன் என்றது. டாக்டர் நடக்கச் சொன்னார். அப்பா தினமும் காலையில் என்னை பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த நடையில் அவர் ஒருநாள்கூட என் காலைப் பற்றிப் பேசியதில்லை. கிரிக்கெட் பேசுவார், ஏரியில் குப்பை கொட்டுகிறவர்களைத் திட்டுவார், ஆபீசில் என் மேனேஜர் எப்படி என்று விசாரிப்பார். நான் வேகம் குறைத்தால் அவருக்குத் தானாகவே செருப்பில் கல் மாட்டிக்கொள்ளும், நின்று உதறுவார். இந்த மனுஷன் எவ்வளவு நாசூக்கானவர் என்று எனக்குள் நெகிழ்ந்து போவேன். அந்த ஏரிக்கரையில் அவர்தான் எனக்கு சிநேகிதர்.

நான் அப்படி நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊன்றுகோலை விட்ட புதிதில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்த பிறகு, வந்திருந்த பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ண கொஞ்சம் வாசல் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்களேன்" என்றார். மாட்டுச் சந்தையில் கேட்பது போலக் கேட்டார். நான் ஹாலில் அப்படியே நின்றேன். அப்பா எழுந்தார். "நீங்க கிளம்பலாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர்கள் போனதும் என் தலையில் கை வைத்து, "இனிமே எவன் முன்னாடியும் நீ நடந்து காட்ட வேணாம்மா" என்றார். அன்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஏலகிரி ஏற்பாடெல்லாம் பம்மலில் இருக்கும் என் அத்தையுடையது. அப்பாவின் தங்கை. அவள் வாயைத் திறந்தால் தெருவே கேட்கும். "வேன் பாதி காலியாத்தான் போவும். எங்க பக்கத்து வூட்டு அக்காவும் அவங்க புள்ளையும் வரேன்னு சொல்லிகினு இருந்தாங்க. இட்டுகினு போலாமா?" என்று போனில் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் எந்தச் சுற்றுலாவுக்கும் இப்படி நாலு பேர் சேருவது வழக்கம். நானும் தாராளமாகச் சரி என்றேன். கல்யாண வயசுப் பையன் என்பதைக் கவனிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். கவனித்தேன். அப்பா கூட இருக்கிறாரே, எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

வேன் நல்ல கலகலப்பாகப் போனது. வேலூர் தாண்டி என் அம்மா இட்லிப் பொட்டலம் பிரித்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் அத்தைக்குத் தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு டிரைவரை வைதுகொண்டே வந்தாள். அந்தப் பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து அதிகம் பேசாமல் வந்தான். அவன் அம்மா என் பக்கத்தில். வேர்க்கடலை உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷி.

காட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினோம். கஷ்டமான ஏற்றமில்லை. வேரும் கல்லுமாக ஒரு ஒற்றையடித் தடம், நடுநடுவே மூச்சு வாங்க உட்காரப் பாறைகள். முதலில் பயந்து பயந்துதான் கால் வைத்தேன். கொஞ்ச தூரத்தில் கால் பிடிபட்டுவிட்டது. அப்புறம் எனக்குக் கொண்டாட்டம். பழைய டிராக் பேன்ட், வியர்வை, கலைந்த முடி, வாயில் ஏதோ பாட்டு. அந்த அம்மா எனக்குப் பின்னாலேயே வந்தார். பாவம், வயசானவர், முன்னால் போகட்டும் என்று நான் ஒதுங்கி நின்றால், "நீ போம்மா, நான் பின்னாடியே வரேன்" என்பார். கைகொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வார். ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, "எங்கேம்மா அடிபட்டுது?" என்று பரிவாகக் கேட்டார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, தையல் போட்ட தழும்பைக் காட்டினேன். என் கூட வேலை செய்யும் பெண்களுக்குக்கூட நான் காட்டியதில்லை. அந்த இடத்தில் காற்றும் வெளிச்சமும் நன்றாக இருந்தன. யாரையும் நம்பலாம் போலிருந்தது.

உச்சியில் அப்பா என்னைப் பார்த்துக் கைதட்டினார். சின்ன வயதில் ஸ்போர்ட்ஸ் டேயில்கூட அவர் எனக்குக் கைதட்டியதாக ஞாபகமில்லை. எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

இறங்கிய பிறகு ஏலகிரியின் படகு ஏரிக்கரைக்குப் போனோம். அப்பாவும் அந்தப் பையனும் படகு டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். என் அம்மா புளியோதரையைப் பிரித்து வைத்தாள். பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மனசு நெறஞ்சு போச்சும்மா. காலப் பத்திச் சொன்னப்போ நான்தான் தயங்கினேன். உங்கப்பா, 'நான் சொல்றத நம்ப வேணாம், மலை ஏத்தியே காட்டுறேன், நீங்களே பின்னாடி வந்து பாத்துக்குங்க'ன்னாரு. எவ்ளோ அழகா ஏறுற!"

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா புளியோதரையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தேன்.

"இன்னாடி இப்போ? பட்டுப் பொடவ கட்டி உக்கார வச்சாத்தான் கோச்சுக்குவ. ஜாலியா இட்டுகினு வந்தா அதுக்குமா மூஞ்சத் தூக்குவ?" என்றாள்.

பட்டுப்புடவை கட்டியிருந்தால் முகத்தையாவது தயாராக வைத்திருப்பேனே! நான் பாடியதையும், வியர்த்ததையும், தழும்பைத் திறந்து காட்டியதையும் ஒருத்தி கணக்குப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், அதற்கு என் அப்பா இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அவ்வளவு பேர் நடுவில் துணியில்லாமல் நின்றதுபோல் இருந்தது.

வரிசையில் நின்ற அப்பாவைத் தனியே கூப்பிட்டேன்.

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்ட."

"ஆமா, வந்திருக்க மாட்டேன். நடந்து காட்ட வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்களை வீட்ட விட்டு அனுப்பினீங்களே!"

அப்பா நிஜமாகவே குழம்பிப்போனார். எங்கே சிக்கல் என்று அவருக்குப் புரியவில்லை.

"அது அப்போம்மா. அப்போ உனக்கு முடியல. நடந்திருந்தா அசிங்கமா போயிருக்கும். இப்போதான் நல்லா நடக்குறியே, இனிமே எதுக்கு மறைக்கணும்? இதுக்குத்தானே இவ்ளோ நாள் நடந்தோம்?"

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் என்மேல் வைத்த பாசத்தில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெரியவரை வெளியே அனுப்பியது அப்படிக் கேட்டதற்காக இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஃபெயிலாகிவிடுவேன் என்று பயந்திருக்கிறார். பரீட்சை வைத்ததில் அவருக்கு வருத்தமே இருந்ததில்லை.

அந்தப் பையனிடம் நானே போய், இதில் எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் இங்க வந்துதாங்க சொன்னாங்க" என்றான். அத்தை சத்தம் போட்டாள். அந்த அம்மா அழுதார். படகில் யாரும் ஏறவில்லை.

வேன் கரையின் மறுகோடியில் நின்றது. கிளம்பலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. "நீங்கள்லாம் முன்னாடி போங்க. நான் கடைசியா வரேன். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். நல்ல இடைவெளி விட்டு நான் நடக்க ஆரம்பித்தேன். மலை இறங்கியதில் கால் வலித்திருக்கிறது, அதுவரை தெரியவில்லை. நன்றாக விந்தினேன்.

அப்பா மட்டும் திரும்பினார். என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் திரும்புகிறார் என்று நினைத்தேன். காலைப் பார்த்தார். பிறகு அவசரமாக அந்த அம்மாவைப் பார்த்தார், அவர் பார்த்துவிடவில்லையே என்று.