அப்பாவுக்குக் கேட்கிற வேலை

என் அப்பா சுதந்திரப் போராட்ட வீரர் இல்லை. இதை டெல்லி துவாரகாவில், எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் புல்வெளியில், ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில், மைக் பிடித்துச் சொல்ல வேண்டி வந்தது. சொன்னதற்காக எனக்கு வருத்தம் இல்லை. இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் விஷயம் அந்த மேடையோடு முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகப் போர் நடந்த காலத்தில் சிங்கப்பூர், ரங்கூன் பக்கமிருந்து இந்திய விடுதலைக்காக வானொலியில் பேசினார்கள். தமிழிலும் பேசினார்கள். இங்கே அதைக் கேட்டு நாலு பேரிடம் போய்ச் சொன்னால் வீட்டுக்குப் போலீஸ் வரும். ஆனால் அதில் என்ன பேசுகிறார்கள் என்று வெள்ளைக்கார சர்க்காருக்குத் தெரிந்தாக வேண்டுமே. அதற்கென்றே டெல்லியில் ஒரு ஆபீஸ் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் சில பேர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வருகிற பேச்சைச் சுருக்கெழுத்தில் பிடித்து, இங்கிலீஷில் டைப் அடித்து, அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணிவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த அப்பாவுக்கு அங்கே தமிழ்ப் பகுதியில் வேலை கிடைத்தது. நாட்டில் யாரும் கேட்கக் கூடாத ரேடியோவைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்ட மனுஷன் அவர்.

இதை அவர் மறைத்ததே இல்லை. சரோஜினி நகரில், அப்போது அதற்கு வேறு பெயர், எங்கள் குவார்ட்டர்ஸின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது யார் கேட்டாலும் சொல்வார். "நல்லாப் பேசிக்கிட்டே இருப்பான். திடீர்னு எண்ணெயில அப்பளம் போட்ட மாதிரி ஒரு சத்தம். அதுக்குள்ள இருந்து வார்த்தையைப் பொறுக்கி எடுக்கணும்" என்பார். அதிகாரிக்குப் பிடிக்காத வசவும் அதில் வரும். அதையும் அப்படியே டைப் அடித்துக் கொடுப்பாராம். ஒரு வார்த்தையைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் நான் ஒருமுறை கேட்டேன். "அதுல என்னதான்ப்பா சொல்லுவாங்க?"

"சர்க்கார் உத்தியோகத்துல இருக்கிற தமிழர்களே, வேலையை விட்டுட்டு வெளியே வாங்கன்னு சொல்லுவான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"டைப் அடிச்சேன்."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊரில் படுத்த படுக்கையாக அவருடைய தகப்பனார், கல்யாணத்துக்கு நின்ற இரண்டு தங்கைகள், எல்லோருக்கும் இவர் அனுப்புகிற மணியார்டர்தான் சோறு. சாயங்காலமானால் கடல் தாண்டி ஒரு குரல் வந்து "உன்னைத்தான்" என்று கூப்பிடும். இவர் அதைப் பிழையில்லாமல் அடித்து வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். சுதந்திரம் வந்தது. கொடி மாறியது, அதிகாரி மாறினார், அப்பாவின் நாற்காலி மட்டும் மாறவில்லை. அதே ஹெட்போனில் வேறு தேசங்களின் ரேடியோவைக் கேட்டு, ஒழுங்காகப் பென்ஷன் வாங்கி, ஒழுங்காகச் செத்துப்போனார். அம்மா அவரைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: "கேக்கது எல்லாத்தையும் கேப்பாக. ஒண்ணும் செய்ய மாட்டாக." தேங்காய் வாங்கி வராததற்கும் அதைத்தான் சொல்வாள்.

எனக்கு இந்த அப்பா போதும். என் அண்ணனுக்குத்தான் போதவில்லை.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மத்திய சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் சொசைட்டியிலேயே பக்கத்து டவரில் மகனோடு இருக்கிறார். மற்ற எல்லா விஷயத்திலும் கறாரான மனுஷன். அப்பா பேச்சு வந்தால் மட்டும் கறார் காணாமல் போய்விடும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் சொன்ன கதையில் அப்பா விடுதலை ரேடியோவைக் கேட்டு ரகசியமாகக் கதர்க்காரர்களுக்குச் சேதி சொன்னார். எனக்குக் கல்யாணம் ஆன சமயத்தில், சர்க்காரை ஏமாற்றத் தப்புத் தப்பாக டைப் அடித்தார். இதைக் கேட்டிருந்தால் அப்பா நெஞ்சு வெடித்திருப்பார். அண்ணன் ரிட்டயர் ஆனபோது அப்பா தானே ரேடியோவில் பேச ஆரம்பித்துவிட்டார். செத்த பிறகு இவ்வளவு வேகமாக வளர்ந்த ஆளை நான் பார்த்ததில்லை. நான் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன். வீட்டுக்குள் சொல்கிற கதைதானே என்று இருந்தேன்.

இந்த வருடம் அது வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. சுதந்திர தின விழாவை நடத்துகிற பெண் ஏதோ டிவி சேனலில் வேலை பார்க்கிறாள். டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஒரு நாள் லிஃப்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்க அண்ணன் அங்கிள் சொன்னாங்க. உங்க அப்பா வார் டைம்ல ரேடியோல ஃப்ரீடமுக்காகப் பேசுனாங்களாமே! நம்ம டவர் பக்கத்துலயே இப்படி ஒரு ஃபேமிலி, நமக்குத் தெரியவே இல்ல பாருங்க. ஸ்டேஜ்ல சால்வை போடறோம். ஜல்தி ஒரு போட்டோ அனுப்புங்க."

"அவர் பேசலம்மா. கேட்டார். அதுவும் வெள்ளைக்காரனுக்காக."

"அச்சா..." என்று யோசித்தாள். "ரேடியோன்னா ரேடியோதானே ஆன்ட்டி? ரெண்டும் ஒண்ணுதான்." லிஃப்ட் வந்தது, போய்விட்டாள்.

போட்டோவை அண்ணன் கொடுத்திருக்கிறார். இரண்டு நாளில் சொசைட்டி கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பேனர். கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்திருந்தார்கள். அப்பாவுக்கு அகன்ற தோள் வந்திருந்தது, பின்னால் கொடி பறந்தது, கையில் பெரிய மைக். கண்ணில் அப்படி ஒரு ஆவேசம். அப்பாவின் முகத்தில் நான் ஆவேசத்தைப் பார்த்ததே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கிழித்திருப்பேன். வாட்ச்மேன் சல்யூட் வைத்தார், விட்டுவிட்டு வந்தேன்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் சொன்னார். "எனக்கு நின்னு பேச முடியாதுட்டி, மூச்சு வாங்குது. நம்ம சார்பா நீ பேசு. உனக்குத்தான் ஹிந்தி நல்லா வருமே. அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை."

"பேசுதேன். ஆனா நடந்ததைத்தான் பேசுவேன்."

"நடந்தது உனக்கு என்ன தெரியும்? நீ அப்போ பொறக்கவே இல்ல."

"நீங்க கைப்பிள்ளை. உங்களுக்கு மட்டும் என்ன தெரியுமாம்?"

"இத்தனை வருஷம் கழிச்சு எவன் வந்து செக் பண்ணப் போறான்? யாருக்கு என்ன நஷ்டம்? ஜானே தோ, விடு."

"ஜெயிலுக்குப் போனவங்க இருந்தாங்கண்ணே. வேலையை விட்டவங்க இருந்தாங்க. அவங்க இடத்துல கொண்டுபோய் நம்ம அப்பாவை உக்கார வைக்கச் சொல்லுதீங்களா?"

அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். மேடையில் நான் உண்மையைச் சொன்னால் சொசைட்டி முழுவதும் அவரைப் பொய்யர் என்று நினைக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வேறு யாரையாவது பேசச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படியும் அண்ணனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்திருப்பார்.

விழாவன்று நல்ல புழுக்கம். கொடி ஏற்றி முடித்துவிட்டு, ஒரு குழந்தை தப்புத் தப்பாக ஆடிய நடனத்துக்கு எல்லோரும் கைதட்டிவிட்டு, எங்கள் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். அண்ணனை முதல் வரிசையில் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளை ஜிப்பாவில் தேய்த்த மடிப்புக் கலையாமல் இருந்தார். நான் மேடையேறி, அங்கே கொண்டுவந்து கட்டியிருந்த பேனரைக் காட்டி ஹிந்தியில் ஆரம்பித்தேன்.

இந்தப் படத்தில் இருப்பவர் என் அப்பா, அவர் கையில் இருக்கும் மைக் அவருடையது இல்லை என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் பேசியவர் இல்லை, இந்தப் பக்கம் இருந்து கேட்டவர், சம்பளம் கொடுத்தது வெள்ளைக்காரன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. வேலையை விட்டு வா என்று தினமும் அவரைக் கூப்பிட்டார்கள், அதை அவரைப் போலத் தெளிவாகக் கேட்டவர்கள் ஊரில் இருந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் அவர் போகவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் அத்தைமார் கல்யாணம் நடந்தது, நாங்கள் படித்தோம். போனவர்களுக்குப் போடுங்கள் இந்தச் சால்வையை. என் அப்பா கேட்டதில் ஒரு வார்த்தையைக் கூட்டியது கிடையாது. அவரைப் பற்றி ஒரு வார்த்தையைக் கூட்ட எனக்கு உரிமை கிடையாது. இவ்வளவுதான் பேசினேன்.

இரண்டாம் வரிசையில் ஒரு ரிட்டயர்ட் ராணுவக்காரர் கைதட்டினார். அப்புறம் மற்றவர்களும் தட்டினார்கள். "ஆன்ட்டி, இப்போ இந்தச் சால்வையை யாருக்குப் போடறது?" என்று அந்தப் பெண் காதோரம் கேட்டாள். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சொல்லப்போனால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவை அப்பாவாகவே மீட்டுக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கூட்டம் லட்டு கொடுக்கிற மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டது. அண்ணன் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்குப் பத்து வயசு. நீ தொட்டில்ல கிடந்தே. இதே மாதிரி ஆகஸ்ட் பதினஞ்சு. அதுக்கு முந்துன வாரம் வாத்தியார் கிளாஸ்ல கேட்டாரு, யாரோட அப்பா சுதந்திரத்துக்குப் பாடுபட்டதுன்னு. ரெண்டு மூணு பயலுவ கை தூக்குனானுவ. நானும் தூக்கிட்டேன். எங்கப்பா ரேடியோவுல பேசுனாகன்னு சொல்லிட்டேன். வாத்தியார் போய் அப்பாவையே கூப்பிட்டுட்டாரு, கொடி ஏத்தணும்னு."

"அப்பா வந்தாகளா?"

"வந்தாக. கோட்டு மாட்டிக்கிட்டு வந்தாக. கொடிக் கயித்தைத் தொடவே இல்ல. எல்லாப் பிள்ளைங்களையும் பார்த்துச் சொன்னாக. நான் பேசல, கேட்டேன், வெள்ளைக்காரன் கொடுத்த சம்பளத்துக்குக் கேட்டேன்னு. நீ இப்போ சொன்னேல்லா, அதேதான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கும் என்னை முதல் வரிசையிலதான் உக்கார வச்சிருந்தாக."

இந்தச் சம்பவத்தை அப்பா சொன்னதில்லை, அம்மா சொன்னதில்லை. எதையும் மறைக்காத வீடு என்று நான் பீற்றிக்கொண்டிருந்த வீட்டில் இது ஒன்றை மூன்று பேரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். எண்பது வயது மனுஷன் ஒவ்வொரு வருடமும் அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக மைக் பக்கம் நகர்த்தியது அப்பாவுக்காக இல்லை. அந்த முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பையனுக்காக. நான் சொன்னது சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது.

"எண்ணே..."

"விடுட்டி. நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. அப்பா சொன்னதுலயும் இல்ல." கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன். நின்று நிதானித்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு ஸ்கூல்ல இருந்து வீடு வந்து சேருத வரைக்கும் அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நீயாவது பேசிக்கிட்டே வா."

பேசினேன். மதியத்துக்கு என்ன சமையல் என்று, மெட்ரோவில் நேற்று இடம் கிடைக்காததை, அவர் மருமகள் வைக்கிற ரசத்தை, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அண்ணன் என் கையை விடாமல் கேட்டுக்கொண்டு நடந்தார். லிஃப்ட் வந்து கதவு திறந்த பிறகும் நான் நிறுத்தவில்லை.