மாடி நிறைந்த அந்தச் சனிக்கிழமை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், ஒரு சனிக்கிழமை மாலை பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடிப்படி ஏறி வந்து நான் பாடியதைக் கேட்டிருக்கிறீர்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தீர்கள். பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பூ வைத்து அழைத்து வந்தீர்கள். அன்று ஏன் வந்தீர்கள் என்பது அம்மா போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு ஓராண்டு நிறைகிற இந்த நாளில் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், வேறு எதுவும் வருவதற்கு முன்னால் அதுதான் வந்து நிற்கிறது. எனவே வெட்கத்தோடுதான் தொடங்குகிறேன்.

அம்மா பிறந்தது தென்னேரியில். ஏரிப் பாசனத்தில் விளைந்த நிலமெல்லாம் பிறருடையது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் எங்கள் தாத்தா வீட்டாருடைய வேலை. அம்மா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். அப்பாவை மணந்து காஞ்சிபுரம் வந்தார். அப்பா ஆட்டோ ஓட்டினார். நான் அரைக்கால் சட்டை போட்டுப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அப்பா காலமாகிவிட்டார். அதன் பிறகு அம்மா அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை அடுப்படிப் புகையில் நின்றுதான் அக்காவையும் என்னையும் ஆளாக்கினார். அக்காவைப் பட்டுக்கடை வேலைக்குப் போகும் அளவுக்கும், என்னை ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக உட்காரும் அளவுக்கும் படிக்க வைத்தார்.

அம்மாவின் குணத்தில் இரண்டு விஷயங்களை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, வீட்டுக்கு வந்து அழைக்காத விசேஷத்துக்கு அவர் போக மாட்டார். வந்து அழைத்துவிட்டால் புயல் அடித்தாலும் போய் நிற்பார். "பத்திரிகைய யாரு வோணா குடுக்கலாம்பா, வாசல்ல வந்து வாய் தொறந்து கூப்புடணும்" என்பார். இன்னொன்று, அப்பா போன பிறகு அவர் எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை. யாரும் முகம் சுளிப்பதற்கு முன்பே தாமாக விலகி, மண்டபத்தின் சமையல் பக்கம் போய்விடுவார். அக்காவின் கல்யாணத்துக்குக்கூட மாமாவும் மாமியும்தான் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போனார்கள். பெற்ற தாய் வீட்டிலேயே இருந்தார். எனக்கு அப்போது அது தவறாகப் படவில்லை. ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவோடு பாடி வந்தேன். எங்கள் குழுவின் கீபோர்டு கலைஞர் முரளியும் நானும் சேர்ந்து ஒரு மியூசிக் கிளப் ஆரம்பிப்பதாகத் திட்டம் போட்டோம். ஒரு மாடியை வாடகைக்கு எடுப்பது, மாதச் சந்தா வாங்குவது, சனிக்கிழமைதோறும் கச்சேரி, உறுப்பினர்கள் ஆசைப்பட்டால் அவர்களும் கரோக்கியில் பாடலாம். வாடகை, ஸ்பீக்கர், கரண்ட் எல்லாம் போகக் கையைக் கடிக்காமல் இருக்க எத்தனை பேர் சேர வேண்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். யாரைக் கேட்டாலும் "சூப்பரா இருக்கும்பா" என்றார்கள். சூப்பராக இருக்கும் என்பவன் சந்தா கட்டுவானா என்பதுதான் தெரியவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு சனிக்கிழமை இலவசமாக நடத்திப் பார்ப்பது. நாற்காலிகள் நிறைந்தால் நான் வேலையை விடுவது. காலியாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு தொழிற்சாலைக்கே போவது. இதை அம்மாவிடம் சொன்னேன்.

"லாபம் வருமாப்பா?" என்றார்.

"அத பாக்கத்தான்மா சனிக்கிழம வக்கிறோம்."

"யார் யார கூப்ட்ட?"

"போன்ல எல்லாருக்கும் போட்டாச்சி. பஸ் ஸ்டாண்டுகிட்ட பேனரும் கட்டிட்டோம்."

அம்மா, "நேர்ல போயி கூப்புடலியா?" என்று மட்டும் கேட்டார். "இது என்ன காதுகுத்தாமா?" என்று சிரித்துவிட்டு எழுந்து போனேன்.

அந்தச் சனிக்கிழமை மாடி நிறைந்தது. நாற்காலி போதாமல் கீழ்க்கடையிலிருந்து வாங்கி வந்தோம். அதுவும் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தீர்கள். ஒரு மாமா மேடைக்கே வந்து என் கையில் மொய்க் கவரை வைத்தார். "இது ஃப்ரீ மாமா" என்றேன். "வெறுங்கையோடயா வருவாங்க?" என்று கோபித்துக்கொண்டார். இன்னொரு குடும்பம் பளபளப்புக் காகிதம் சுற்றிய சுவர்க் கடிகாரம் கொடுத்தது. முரளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மச்சான், கச்சேரிக்கு கடிகாரம் குடுக்கற ஊர எங்கனா பாத்துக்கிறியா? நாம ஜெயிச்சிட்டோம்டா."

நானும் அப்படித்தான் நம்பினேன். கச்சேரி முடிந்ததும் சாப்பாடு எங்கே என்று இரண்டொருவர் விசாரித்ததைக்கூட வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். அக்கா வாசலில் நின்று ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல வியாபார யோசனை என்று மனதுக்குள் மெச்சினேன். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், கடைசி வரிசைக்கும் பின்னால் அம்மா நின்றிருந்தார். நான் பாடியபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாட்டில் ருசி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வேலையில் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த எனக்குக் கண்ணெதிரே இருந்தது எதுவும் தெரியவில்லை.

திங்கட்கிழமையே வேலையை விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சந்தா மேசை போட்டு உட்கார்ந்தோம். விரல் விட்டு எண்ணும்படி வந்தார்கள். அதற்கடுத்த வாரம் அதுவும் குறைந்தது. முரளியின் மச்சானும், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும் மட்டும் தவறாமல் வந்தார்கள். தபால்காரர் வாராவாரம் ஒரே பாட்டைத்தான் பாடுவார், அதுவும் முதல் சரணத்தோடு நின்றுவிடும். கடைத்தெருவில் பார்த்த ஓர் உறவினர், "இன்னாபா, எங்களயெல்லாம் மறந்துட்டியா? அன்னிக்கி மாதிரி ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். வாராவாரம் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சல். 'அன்னிக்கி மாதிரி' என்றால் என்ன என்று அவரைத் திருப்பிக் கேட்கத் தோன்றவே இல்லை.

பொங்கலுக்கு முன்பே போர்டைக் கழற்றிவிட்டோம். அதன் பிறகு நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. காஞ்சிபுரத்துக்காரனுக்கு ஜரிகையைத் திருப்பிப் பார்க்கத் தெரியும், பாட்டு கேட்கத் தெரியாது என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். ஓசியில் என்றால் குடும்பத்தோடு வருவார்கள் என்றேன். அதில் சிலவற்றை உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். நீங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒருமுறை, "ஊர ஒண்ணும் சொல்லாதப்பா. அவங்க மேல தப்பு இல்ல" என்றார். அம்மாவுக்கு எல்லோரும் நல்லவர்கள் என்று அதையும் தள்ளிவிட்டேன். பிறகு வேறொரு கம்பெனியில், முன்பிருந்ததைவிடச் சின்ன வேலையில் சேர்ந்தேன்.

சர்க்கரை நோய் அம்மாவின் சிறுநீரகத்தைப் பாதித்தது. கடைசி மாதங்களில் படுக்கையிலேயே இருந்தார். அப்போதும் யார் பார்க்க வந்தாலும் "காப்பி குடிச்சிட்டு போங்க" என்று எழுந்திருக்கப் பார்ப்பார். ஒருநாள் மதியம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கி சேரெல்லாம் காலியா இருந்திருந்தா நீ வேலைய வுட்டிருக்க மாட்ட இல்லப்பா?"

"இப்ப இன்னாத்துக்குமா அது? கஞ்சிய குடி."

"நா கம்முனு இருந்திருக்கணும். உன் மூஞ்சி வாடுறத பாக்க முடியாதுன்னு நெனச்சிட்டேன்."

காய்ச்சலில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, வாயைத் துடைத்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. சில நாட்களில் போய்விட்டார்.

எடுத்த அன்று மாலை, ஆட்கள் குறைந்த பிறகு கூரத்துப் பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெரியம்மா அம்மாவின் உடன்பிறந்த மூத்தவர். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. நான் ஏதோ பேச்சுக்கு, "என் கச்சேரிக்குக்கூட கூரத்துல இருந்து வந்தீங்களே பெரியம்மா" என்றேன்.

"உன் பாட்டுக்கா வந்தோம்? என் தங்கச்சி தட்டு எடுத்துக்கினு வந்தாபா. பஸ்ஸு புடிச்சி, அந்த வெயில்ல, வெத்தல பாக்கு பழத்தோட. தென்னேரிக்கும் போனா. உங்க தெருவுல ஒரு வீடு பாக்கி இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியம்மாவே தொடர்ந்தார்.

"நாந்தான் பாவி. பையனுக்கு நிச்சயம் வச்சிக்கினு இருந்தோம் அப்ப. நீ தட்டு எடுத்துக்கினு வரலாமாடின்னு வாசல்லியே நிக்க வச்சி கேட்டுட்டேன். கல்யாணத்துக்கா கூப்புட்றேன், பாட்டுக்குத்தானேக்கா, பாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுன்னா. நா கையில வாங்கல. தட்ட வாசப்படியில வச்சிட்டு, வந்துருங்கன்னு சொல்லிட்டு போயிட்டா. தண்ணிகூட குடிக்கல."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"வாங்காம வுட்டுட்டேனே. வராம எப்டிபா இருப்பேன்?"

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சிடா. கடைக்கு லீவு போட முடிஞ்ச அன்னிக்கெல்லாம் நா கூட போனேன். மத்த நாளு தனியாத்தான் போச்சி. நாலஞ்சி வீட்ல அப்டித்தான் வாசல்ல நிக்க வச்சாங்க" என்றார்.

அம்மா என்னை ஏமாற்றவில்லை. மகன் செய்ய மறந்த முறையைத் தாம் செய்வதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். தட்டு வைத்து அழைத்தால் எதற்கு என்று கேட்காமல் வருவது நம் ஊர். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் நான் கிளப்பின் லாபத்துக்குக் கணக்குப் போட்டேன். முதல் தடவை வாசலில் வந்து அழைத்தவர்கள் அடுத்த தடவை அழைக்காவிட்டால் போகக் கூடாது என்பதும் நம் ஊர் வழக்கம்தான். அதனால் நீங்கள் வரவில்லை. உங்கள் மேல் தப்பு இல்லை என்று அம்மா சொன்னது முழுக்க உண்மை. அக்காவின் கல்யாணத்துக்குக்கூடத் தொடாத தட்டை எடுத்துக்கொண்டு, என் பாட்டுக்காக அவர் எத்தனை வாசலில் நின்றாரோ தெரியாது. அவர் எந்த வீட்டில் எப்படி நின்றார் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது அதுதான் என்னை அதிகம் கூசச் செய்கிறது.

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நேரம் காலம் பார்க்காமல் வந்த அப்பாவின் ஆட்டோ நண்பர்களுக்கும், முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தினமும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்ட சத்துணவுக் கூடத்துத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காடு வரை பாடையை இறக்கி வைக்காமல் தோள் கொடுத்த முரளிக்கும், அன்று பாடாமல் ஓரமாக நின்று அழுத தபால்காரர் ஐயாவுக்கும் நன்றி. அம்மாவின் தட்டை மறுக்காமல் கையில் வாங்கிய வீட்டாருக்குத் தனியாக ஒரு கும்பிடு. வாங்காமல் விட்டும் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் அதே கும்பிடு. நான் இந்த ஊரைப் பேசிய பேச்சுக்கு உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு நினைவு நாளுக்கு நான் போனில் செய்தி அனுப்பவில்லை. வீடு வீடாக வந்து சொன்னேன். இதற்குத் தட்டு எடுத்து வரும் வழக்கம் இல்லை, வெறுங்கையோடுதான் வந்தேன். கூரத்தில் பெரியம்மா வீட்டு வாசற்படிக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னேன். பெரியம்மா, "உள்ள வாப்பா, இன்னாத்துக்கு அங்கியே நிக்கற?" என்றார். எனக்குக் கால் எழவில்லை. பிறகு அவர் சொன்னார்:

"இதுக்கெல்லாம் நீ வந்து கூப்புடணுமா? அவ செத்த அன்னிக்கி யாரு வந்து எங்கள கூப்ட்டாங்க?"

உண்மைதான். அம்மாவை எடுத்த அன்று நான் யாரையும் அழைக்கவில்லை. அழைக்கிற நிலையிலும் இல்லை. தெருமுனை வரை நாற்காலி போட்டும் போதவில்லை. அம்மாவுக்கு அழைப்பு தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது.