ஐந்தாம் அத்தியாயத்தில் நின்றுபோன ரிவ்யூ

1. ஒரு வாய்ஸ் மெசேஜ்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் அலுவலகத்தின் வாசகர் எண்ணுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் மீன் கடைச் சத்தம்.

"மேடம், நான் லூர்து மேரி பேசுறேன், பட்டினப்பாக்கம். இங்க மீன் கடை வெச்சிகினு கீறேன். நாச்சி கேம் மொத பார்ட்டு ரெண்டு தபா ஆடிட்டேன். ரெண்டாவது வேணாம்னு நீங்க எய்தினீங்க, அதான் நானும் எங்கண்ணனும் அத்த தொடவே இல்ல. இப்போ மூணாவது வருதாமே. ரெண்டாவத வுட்டுட்டு மூணாவது ஆடுனா புரியுமா? நாச்சியோட அப்பன் கெடைச்சானா இல்லியா, அத்தனா சொல்லுங்க."

இரண்டு முறை கேட்டேன். நாச்சியின் அப்பா கிடைத்தாரா இல்லையா என்பது எனக்கும் தெரியாது.

தி. நகரில் இயங்கும் ஒரு தமிழ் இணைய இதழில் பதினோரு ஆண்டுகளாக கேம் ரிவ்யூ எழுதுகிறேன். ஒவ்வொரு ரிவ்யூவின் கீழும் ஒரு முத்திரை போடுவோம்: 'ஆடலாம்', 'யோசித்து ஆடலாம்', 'வேண்டாம்'. பலர் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நாச்சி வரிசை தரமணியில் ஏழு பேர் சேர்ந்து உருவாக்கிய அட்வென்சர் கேம். ஒரு தீவின் கலங்கரை விளக்கில் வேலை பார்த்த அப்பா காணாமல் போகிறார். மகள் நாச்சி தேடிக் கிளம்புகிறாள். முதல் பாகத்துக்கு நான்தான் தயக்கமே இல்லாமல் 'ஆடலாம்' போட்டேன். இரண்டாம் பாகம் உப்பளத்தில் நடக்கிறது. அதில் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு உப்புக் கிடங்கு வரும். பன்னிரண்டு கதவுகள், சரியான கதவு ஒவ்வொரு முறையும் இடம் மாறும். தப்பான கதவைத் திறந்தால் காவல்காரன் பிடித்து வாசலில் விடுவான். அவன் பேசும் வசனத்தை ஒவ்வொரு முறையும் முழுக்கக் கேட்டாக வேண்டும். நான்காவது முறை அதைக் கேட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாரம் இன்னும் இரண்டு ரிவ்யூக்கள் பாக்கி இருந்தன.

அப்படியே எழுதினேன். 'கதை கடைசிவரை தேறவில்லை. வேண்டாம்.'

ஒன்பது அத்தியாயத்தில் ஐந்தைக்கூட முடிக்காதவள் 'கடைசிவரை' என்று எழுதியிருந்தேன்.

2. இரண்டு மணி நேர வேலை

எங்கள் ஆசிரியர் பீர் முகம்மது. எல்லோருக்கும் பாய். வாசகர் எண்ணுக்கு வருவதையெல்லாம் அவரும் கேட்பார். பதினோரு மணிக்கு என் மேசைக்கு வந்தார்.

"ஹேமா, அந்தம்மா கேட்டது நல்ல கேள்விம்மா. இதையே கட்டுரையாப் போட்டுடலாம். மூணாவது ஆடறதுக்கு முன்னாடி ரெண்டாவது வேணுமா, வேணாமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணாவது ரிலீஸ். நம்மது காலைலயே ஏறிடணும்."

"இந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கு பாய்."

"நீதான் ஆடி முடிச்சவளாச்சே. உனக்கு ரெண்டு மணி நேர வேலை."

"சரி பாய்" என்றேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

பழைய போனோடு, விட்ட இடத்தைச் சேமித்து வைத்திருந்த சேவ் ஃபைலும் போய்விட்டது. முதலிலிருந்து ஆட வேண்டும். குறைந்தது பத்து மணி நேரம். கையில் இருந்தது நான்கு நாள், நடுவில் அலுவலக வேலை. அடையாறிலிருந்து வரும் பஸ்ஸில் ஆடினேன். மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நடேசன் பூங்காவில் போய் உட்கார்ந்து ஆடினேன். அலுவலகத்தில் ஆடும்போது பாய் அந்தப் பக்கம் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தேன். கேம் ஆடுவதுதான் என் வேலை. அதை அலுவலகத்தில் ஒளித்துச் செய்யும் நிலைமைக்கு வந்திருந்தேன்.

அந்த நாட்களில் என் மனம் போன போக்கை மறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும், 'கடவுளே, இது மோசமாகவே இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டேன். கடைசிவரை மோசம் என்றால் நான் எழுதியது எப்படியோ உண்மையாகிவிடும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. நல்ல வசனம் ஒன்று வந்தால்கூட பயந்தேன்.

கேமும் எனக்கு ஒத்துழைத்தது. முதல் பாகத்தில் ஒவ்வொரு புதிரும் அந்தத் தீவின் வாழ்க்கையிலிருந்து வரும். இதில் சாவியைத் தேடு, பூட்டைத் திற, மறுபடியும் சாவியைத் தேடு. போன இடத்துக்கே ஆறு தரம் போக வேண்டியிருந்தது. நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை மதியம் மறுபடியும் அதே கிடங்கு. எட்டு முறை முயன்றேன். எட்டு முறையும் காவல்காரன். இணையத்தில் வழி தேடினேன். இந்த கேமுக்கு யாருமே வழிகாட்டி எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியவள் நான்.

3. பிரபாகர்

வேறு வழியில்லாமல் அந்த கேமின் டிசைனர் பிரபாகருக்கு பூங்காவிலிருந்தே போன் போட்டேன். முதல் பாகத்தின்போது பேட்டி எடுத்த பழக்கம்.

"பிரபாகர், ஒரு வாசகி கேக்கறாங்க. ரெண்டாவது பார்ட்ல அந்தக் கிடங்குல மாட்டிக்கிட்டாங்களாம். ஒரு ஹிண்ட் குடுக்க முடியுமா?"

"வாசகியா மேடம்?"

"ஆமா."

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ரிவ்யூக்காக உங்களுக்குக் குடுத்த டவுன்லோட் கோட வெச்சு யார் எவ்வளவு தூரம் ஆடியிருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும். அன்னைக்கும் நீங்க அங்கதான் நின்னீங்க. இன்னைக்கும் அங்கதான் நிக்கறீங்க."

பக்கத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டு என்ன மேடம் பண்றது? அந்தக் கிடங்கு மோசம்னு எங்களுக்கே தெரியும். எடுத்துடலாம்னு எல்லாரும் சொன்னாங்க, நான்தான் பிடிவாதமா வெச்சேன். நீங்க அங்க எழுந்து போனதுக்கு எனக்குக் கோவமே இல்ல. 'கடைசிவரை'ன்னு எழுதுனீங்களே, அதுதான். ஒம்பதாவது அத்தியாயம் எழுதுன பொண்ணு அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் ஆபீஸ் பக்கமே வரல."

அவரே தொடர்ந்தார்.

"நாச்சி கையில இருக்கற விளக்க அணைச்சிடுங்க மேடம். இருட்டானதும் ஒரே ஒரு கதவுக்கு அடியில வெளிச்சம் வரும். அதுதான் வழி."

4. ஒன்பதாம் அத்தியாயம்

ஆறு, ஏழு, எட்டு மூன்றும் சுமார். வியாழக்கிழமை மதியம் அதே பெஞ்சில் ஒன்பதாவது அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

என்ன நடக்கிறது என்று இங்கே முழுக்கச் சொல்லப் போகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. உப்பளத்தில் வேறு பெயரில் கூலிவேலை செய்யும் ஒருவரை நாச்சி அடையாளம் கண்டுகொள்கிறாள். 'நான் காணாமல் போகவில்லை, கிளம்பி வந்துவிட்டேன்' என்கிறார் அப்பா. திரும்பி வர மாட்டேன் என்கிறார். நாச்சி ஊருக்குப் போன் செய்கிறாள். அம்மா எடுக்கிறாள். என்ன சொல்வது? திரையில் ஐந்து பதில்கள் வருகின்றன. எதைச் சொன்னாலும் வலிக்கும். ஒன்றைத் தொட இருபது நிமிடம் ஆனது எனக்கு.

வேண்டிக்கொண்டது பலிக்கவில்லை. ஒன்பது மணி நேரச் சலிப்புக்குப் பின்னால் அப்படி ஒரு மணி நேரம் அதில் இருந்தது. 'வேண்டாம்' என்று ஒரு சொல்லைப் போட்டு அந்தக் கதவை நான் சாத்தியிருந்தேன்.

நேராக பாயின் அறைக்குப் போனேன்.

"பாய், ஒரு விஷயம் சொல்லணும். ரெண்டாவது பார்ட்டை அன்னைக்கு நான் முடிக்கல. அஞ்சாவதுலயே விட்டுட்டேன்."

அவர் லேப்டாப்பை மூடினார். நான் எதிர்பார்த்தபடி கத்தவில்லை.

"இது மாதிரி இன்னும் எத்தனை?"

நான் மிகவும் பயந்த கேள்வி அதுதான்.

"இன்னும் ரெண்டு."

"மூணு கேமோட பேரையும் எழுது. எங்க நிறுத்தினேன்னு எழுது. உன் பேரு மட்டும் இல்லம்மா அது கீழ இருக்கறது, என் பத்திரிகை பேரும் இருக்கு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "ஆறு மாசத்துக்கு நீ ரிவ்யூ எழுது. முத்திரைய நான் போடறேன்."

கட்டுரையை அன்று மாலையே எழுதினேன். முதல் பத்தியில் என் தவறு, மூன்று கேம்களின் பெயரோடு. இரண்டாவதில் கிடங்கைக் கடக்கும் வழி. பிறகு இப்படி: 'முதல் பாகத்தைப் புதிர்களுக்காக விரும்பியவர்கள் இதை விட்டுவிடலாம், ஏமாற்றம்தான். அப்பாவுக்கு என்ன ஆனது என்று கேட்பவர்கள் பொறுத்துக்கொண்டு ஆடுங்கள். முதல் எட்டு அத்தியாயங்களில் எங்கே ஹிண்ட் வேண்டுமானாலும் கூசாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவதில் யாரிடமும் கேட்காதீர்கள்.' பாய் படித்துவிட்டு 'யோசித்து ஆடலாம்' போட்டார்.

திட்டு வந்தது. 'இனி உங்களை எப்படி நம்புவது' என்று நெடுநாள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் பெயரைப் பிறகு எங்கள் பக்கத்தில் பார்க்கவில்லை.

லூர்துவுக்கு நானே போன் செய்து சொன்னேன்.

"முடிக்காமயே வேணாம்னு எய்திட்டியா மேடம்?" என்றார். அதுவரை 'வாங்க, போங்க' என்று பேசியவர்.

"ஆமாங்க."

"நேத்து மீன இன்னிக்கு வந்ததுன்னு நான் வித்தா, என்ன வுடுவாங்களா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

5. அரை மணி நேரப் பேச்சு

பத்து நாள் கழித்து அவரே அழைத்தார்.

"மேடம், முட்ச்சிட்டேன். அய்ய, இன்னா கெடங்கு அது! நாலு நாள் ரொம்ப போரு. மொத பார்ட்டு கிட்டகூட நிக்காது."

"ஆமா."

"அத்த வுடு. கடைசில அம்மாக்கு நீ இன்னா சொன்ன?"

"'அப்பா உயிரோட இருக்கார், ஆனா வர மாட்டார்'னு சொன்னேன்."

"நான் செத்துட்டாருன்னு சொல்லிட்டேன் மேடம். அந்த அம்மா இன்னும் எத்தினி வருசம் வாசல பாத்துகினு குந்தும்? எங்கண்ணன் என்னாண்ட ஒரே சண்டை. பொய் சொல்லிட்டியேன்றான்."

அரை மணி நேரம் பேசினோம். அம்மாவுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று நான் வாதாடினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு தொடரில் சுமாரான பாகம் வந்தால் சுமார் என்று தயங்காமல் எழுதுங்கள். பாதியில் எழுந்து போனால் அதையும் எழுதுங்கள், எந்த அத்தியாயம் என்று சேர்த்து எழுதுங்கள். தன் நேரத்தை எதில் செலவிடுவது என்று வாசகரே பார்த்துக்கொள்வார்.

லூர்து நாச்சியின் அம்மாவிடம் சொன்ன பதில் தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தப்பைச் செய்யும் வாய்ப்பையே இத்தனை நாள் அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தவள் நான்.