கண்ணாடியோடு ஒட்டிய படம்

நூலகத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் இதுவரை ஒழுங்காக விளங்கப்படுத்தியதில்லை. பழைய கடதாசிக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். ஆவணப் பாதுகாப்பு என்றால், வாசலில் பை சோதிப்பவள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் காலையில் வந்ததும் என் முதல் வேலை, ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியில் சேர்ந்திருக்கும் தண்ணீரைப் பின்புற வாழைக்கு ஊற்றுவது. வாவிக்கரையில் கட்டடத்தைக் கட்டிவிட்டு, உள்ளே இருக்கும் கடதாசி நமுத்துப்போகக் கூடாது என்றால் வேறென்ன செய்வது? அதற்குப் பிறகுதான் பூஞ்சணம், பூச்சி, செலோடேப். மூன்றிலும் செலோடேப் ஒட்டியவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். பூச்சிக்காவது பசி என்று ஒரு நியாயம் இருக்கிறது.

வீட்டுப் படங்களை வாங்கக் கூடாது என்பது எங்கள் நூலகரின் கண்டிப்பு. "இது ஆராய்ச்சி நூலகம், ஸ்டூடியோ இல்ல" என்பார். பெரியகல்லாறு என்ற கடலோர ஊரிலிருந்து ஓர் ஆசிரியை வந்த அன்று அவர் கொழும்பில் இருந்தார். அவள் சட்டம் போட்ட படம் ஒன்றைத் துவாயில் சுற்றி, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தாள். துவாயை அவள் பிரித்ததும் எனக்கு நூலகர் மறந்துபோனார்.

கறுப்பு வெள்ளைப் படம். கைமடித்த வெள்ளைச் சேட்டு, ஸ்டூடியோத் திரை, சிரிக்கச் சொன்னதால் சிரிக்காமல் நிற்கும் ஓர் இளைஞன். நாடிக்குக் கீழே படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய், நனைந்ததுபோலக் கறுத்து மினுங்கியது.

"எங்கட அப்பா, மிஸ். ஸ்டூடியோக்காரர் உரிச்சுத் தாறன் எண்டார். எனக்குப் பயமா இருந்திச்சு."

"நல்லகாலம் குடுக்கல்ல. உரிச்சா அப்பா கண்ணாடியில நிப்பார், உங்கட கையில வெறும் கடதாசிதான் மிஞ்சும்."

இப்படி முகத்துக்கு நேரே சொல்வது என் பழக்கம். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு, இருக்கச் சொல்லித் தேநீர் கொடுத்தேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவளுடைய தகப்பன் போய்விட்டார். வீட்டிலிருந்த படங்களும் அவரோடு போயின. இந்தப் படம் மட்டும் பட்டணத்தில் மாமி வீட்டில் இருந்ததால் தப்பியது. அவரைப் பார்க்க வீட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு படத்தோடு உட்கார்ந்தேன். ஒட்டிய இடத்தைப் பிரிக்க முடியுமா என்பதைவிட, அது ஏன் அந்த இடத்தில் ஒட்டியது என்பதே என்னைப் பிடித்து ஆட்டியது. வெள்ளத்தில் நின்ற படம் என்றால் கறை நேர்கோடாக இருக்கும். சுவர் ஈரம் என்றால் முதுகுப்பக்கம் கெட்டிருக்கும். முதுகு பொரியரிசிபோலக் காய்ந்திருந்தது. டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். கண்ணாடியில் படம் தொட்டும் தொடாமலும் இருந்த இடங்களில், தண்ணீரில் எண்ணெய் சிந்தினாற்போல நிறங்கள் வளையம் வளையமாகத் தெரிந்தன. ஒட்டிய பகுதி இரண்டு தோள்களிலும் உயர்ந்து, நெஞ்சில் இறங்கி வளைந்திருந்தது. இப்படி வளைந்து ஓடும் தண்ணீரை நான் எந்த ஆவணத்திலும் கண்டதில்லை. வீட்டுக்குப் போயும் அதுதான் யோசனை. சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் சட்டத்தின் கீழ்ப் பள்ளத்தைத் தூரிகையால் துடைத்தபோது பழுப்பாக ஏதோ உதிர்ந்தது. பூச்சி எச்சம் என்று நினைத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். நரம்பு தெரிந்தது. காய்ந்த மல்லிகை இதழ். எனக்கு எழும்பி ஆடவேண்டும்போல இருந்தது. மாலை! அந்த வளைவு மாலையின் வளைவு. தண்ணீர் தெளித்த பூ தினமும் கண்ணாடியில் சாய்ந்து, ஈரம் இடுக்கு வழியே உள்ளே போய், படத்தின் மேல்பூச்சை இளக்கிக் கண்ணாடியோடு பசையாக்கியிருக்கிறது. உடனே ஆசிரியைக்கு அழைத்தேன்.

"அம்மா படத்துக்கு மாலை போடுறவவா?"

"ஓம் மிஸ். ஒவ்வொரு நாளும் விடியக் கட்டிப் போடுவா."

"தண்ணி தெளிக்கிறவவா?"

"பூ வாடப்படாது எண்டு..." என்றவளுக்குச் சொல்லும்போதே விளங்கிவிட்டது. "மிஸ், அம்மாட்ட இதைச் சொல்லிராதிங்க. பழசாப் போச்சு, பூஞ்சணம், என்னெண்டாலும் சொல்லுங்க. தண்ணியால எண்டு மட்டும் சொல்லிராதிங்க. அப்பாவத் தண்ணிதானே கொண்டுபோன."

என் சந்தோசம் அந்த இடத்திலேயே அடங்கிப்போனது.

ஒட்டியதைப் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். கண்ணாடியோடு சேர்த்தே படம்பிடித்து ஒரு பிரதி எடுத்தேன். பழைய கண்ணாடியை அப்படியே வைத்து, அதற்கு முன்னால் இடைவெளி விட்டு இன்னொரு கண்ணாடி போட்டு, சுற்றிவர அடைத்தேன். ஆனாலும் மரச்சட்டம் மரச்சட்டம்தான். தினமும் நனைத்தால் என்றைக்கோ ஒருநாள் ஈரம் வழி கண்டுபிடிக்கும். படத்திலிருந்தவரின் கண்கள் கறைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில்தான் இருந்தன. நூலகரைப் பிறகு சமாளிக்கலாம் என்ற துணிவில், மூலப்படத்தை நூலகத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வெறும் சுவரைப் பார்த்துப் பார்த்து அம்மா சாப்பிடாமல் இருக்கிறா என்றாள் மகள். பிளாஸ்டிக் மாலை வாங்கி எப்படியாவது சமாளிப்பதாகவும் சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

படத்தை எடுக்கத் தாயும் மகளுமாக வந்தார்கள். தாய் உள்ளே வந்ததும் படத்தைக் கேட்கவில்லை. என் மேசையைத்தான் சுற்றிப் பார்த்தார். தூரிகையைத் தொட்டுப் பார்த்தார், கிண்ணத்தை மோந்தார்.

"என்ன புள்ள, கஞ்சியா?"

"கோதுமை மாப் பசை, அம்மா. கடதாசி ஒட்டுறதுக்கு."

"பூச்சி வராதா?"

வரும் என்றேன். பிறகு பூச்சிக்கு என்ன செய்வேன், பெட்டிக்குள் ஏன் பெட்டி, வெள்ளைக் கையுறை எதற்கு என்று கேள்விமேல் கேள்வி. என் வேலையை இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை. இந்த மனுசியிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

படத்தை முன்னால் வைத்தேன். அவர் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு பையிலிருந்து வாழையிலைப் பொதி ஒன்றை எடுத்துப் பிரித்தார். மல்லிகை மாலை. தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"இதைப் போட்டுத்தான் கொண்டுபோகணும். போடலாம்தானே புள்ள?"

"போடலாம் அம்மா," மகள் முந்திக்கொண்டாள்.

நானும் ஓம் என்று சொல்லியிருக்கலாம். படத்திலிருந்த அந்த இரண்டு கண்களையும் பார்த்தேன்.

"போடலாம் அம்மா. தண்ணி தெளிக்காமப் போடுங்க."

மகள் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். தாய் படத்தின்மேல் குனிந்தார். அவருடைய விரல் கண்ணாடியின்மேல் ஒரு தோளில் தொடங்கி, நெஞ்சுக்கு இறங்கி, மற்றத் தோளுக்கு ஏறியது. நான் ராத்திரியெல்லாம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட வளைவு அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"கடல் ஒருக்காத்தான் நனைச்ச," என்றார். "நான் ஒவ்வொரு நாளும் நனைச்சிருக்கன்."

மகள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது; மறைக்கவில்லை. தாய் அழவில்லை. மாலையை மேசையில் நீட்டி வைத்து, சேலைத் தலைப்பால் ஒவ்வொரு பூவாக ஒற்றி எடுக்கத் தொடங்கினார்.

"உசிரோட இரிக்கக்குள்ளயும் இவர் இப்பிடித்தான் புள்ள," என்றார் என்னிடம். "எவ்வளவு நொந்தாலும், அது என்னால எண்டா வாய் திறக்கமாட்டார்."